பொறுத்திருந்து பார்ப்பதா, உடனே சத்திர சிகிச்சையா?

புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் அங்கே இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. "நாளைக்கே வெட்டி எறியட்டும்" என்பது ஒரு கட்சி. "கத்தி வைத்தால் பரவிவிடும், தொடாமல் விட்டால் இன்னும் பத்து வருடம் இருப்பார்" என்பது மற்றது. நோயாளி நடுவில் உட்கார்ந்து இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். வைத்தியரோ மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கக்கூடும்: "இது மெதுவாக வளரும் வகை. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்."

அப்படிச் சொல்லப்பட்டால் அதன் பொருள் என்ன? எந்த நோயில் அதை நம்பி ஏற்கலாம், எந்த நோயில் ஏற்கக்கூடாது? இதுவே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விடயம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறோம். ஏன் இந்த மாவட்டங்கள் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். நோயின் தரம் வேறு, நோயின் நிலை வேறு. நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது. தரம் என்பது அதன் குணத்தைச் சொல்வது. மலையில் களை எடுப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு களை முளைத்த இடத்திலேயே வருடக்கணக்காகக் கிடக்கும். இன்னொன்று ஒரு மழைக்கு வேரோடி நிரை முழுவதையும் பிடித்துவிடும். இரண்டும் இன்று ஒரே அளவாகத் தோன்றலாம். புற்றுநோயிலும் அவ்வாறே. குறைந்த தரம் என்றால் அதன் உயிரணுக்கள் இன்னும் இயல்பான அணுக்களின் சாயலிலேயே இருக்கின்றன, பெரும்பாலும் மந்தமாக வளர்கின்றன என்று பொருள். இதைக் கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ சொல்லிவிட முடியாது. ஒரு சிறு சதைத்துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே சொல்ல முடியும். பயொப்சி என்று கிளினிக்கில் சொல்வது இதனைத்தான். சதைத்துண்டு எடுத்தால் நோய் கிளம்பிவிடும் என்ற அச்சம் நம்மிடையே பலமாக உண்டு. வாயிலுள்ள திட்டுகளைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பரிசோதனையைத் தட்டிக் கழித்தவர்தாம் தம் நோயின் குணம் தெரியாமலே முடிவெடுக்கிறார்.

காத்திருப்பிலும் இரண்டு வகை உண்டு. வயது முதிர்ந்து, இருதய நோய், நீரிழிவு முதலியவற்றாலும் தளர்ந்த ஒருவருக்கு, தொந்தரவு வந்தால் மட்டும் அதற்கு மருந்து செய்வோம் என்று விடுவது ஒன்று. நோய் ஓரடி முன்வைத்தால் உடனே குணமாக்கும் சிகிச்சைக்குப் போவோம் என்று நாள் குறித்து, பரிசோதனை குறித்துக் கண்காணிப்பது மற்றது. வீட்டுக்கு வந்து "டாக்டர் ஒன்றும் வேண்டாம் என்றார்" என்று சொல்கிறோமே, அந்த ஒற்றை வாக்கியத்தில் இந்த இரண்டும் கலந்துபோகின்றன. பிற்பாடு வரும் துன்பங்களிற் பல இந்தக் கலப்படத்திலிருந்து முளைத்தவை.

காத்திருப்பு பலன் தந்த இடங்கள்

பொறுத்திருப்பது வெறும் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் பிரித்தானியாவில் நடந்த ஆய்வொன்றை அறிந்துகொள்வது நல்லது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியில், சுரப்பிக்குள்ளேயே அடங்கிய, பெரும்பாலும் குறைந்த தரமான புற்றுநோய் காணப்பட்ட 1,643 பேரை, 1999 முதல் 2009 வரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சத்திர சிகிச்சை, ஒரு பிரிவுக்குக் கதிர்ச் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்குக் கண்காணிப்பு. பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 2023இல் முடிவு வெளியாயிற்று. அந்த நோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர். கண்காணிப்புப் பிரிவில் நூற்றுக்கு 3.1, சத்திர சிகிச்சைப் பிரிவில் 2.2, கதிர்ச் சிகிச்சைப் பிரிவில் 2.9. வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஆயினும் இதை அரைகுறையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கண்காணிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்கு 9.4 பேருக்கு நோய் வேறிடம் பரவியது. வெட்டியவர்களுள் அது பாதியளவே, 4.7. அத்துடன், காத்திருக்கத் தொடங்கியவர்களில் பத்தில் ஆறு பேர் பிற்காலத்தில் ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். மறுபுறம், உடனே சத்திர சிகிச்சை செய்தவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. ஆறு மாதத்தில் அவர்களிற் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சிறுநீர்க் கசிவுக்காக உள்ளே துணிப்பட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகளின் பின்னும் நூற்றுக்கு 17 பேருக்கு அந்தத் தொல்லை நீங்கவில்லை. மலை ஏறி இறங்கிப் பிழைக்கும் மனிதனுக்கு இது எத்தகைய தொல்லை என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நம் பெரியவர்கள் பலர் சிறுநீர் தடைப்படுகிறது என்று போய், வீங்கிய சுரப்பியைச் சுரண்டி எடுத்த துணுக்குகளிலேயே இந்த நோய் இருப்பதைத் தற்செயலாக அறிகிறார்கள். எழுபத்தைந்து வயதுத் தகப்பனுக்கு அவ்வாறு குறைந்த தரத்தில் கொஞ்சம் காணப்பட்டால், வைத்தியர் பொறுத்திருக்கச் சொல்வது அவரைக் கைவிடுவதாகாது.

தைரொயிட் என்னும் கழுத்துச் சுரப்பியிலும் இப்படியே. யப்பானின் கோபே நகரிலுள்ள கூமா வைத்தியசாலையில் 1993 முதல், ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத பப்பிலரி வகைக் கட்டிகளை வெட்டாமல் கண்காணித்து வந்தார்கள். 1,235 பேரைப் பற்றி 2014இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, பத்து ஆண்டில் கட்டி பெருத்தது நூற்றுக்கு 8 பேருக்கு, கழுத்து நிணக்கணுவுக்குப் போனது 4 பேருக்கும் குறைவாக. வயது கூடியவர்களிடம் அது இன்னும் மந்தமாகவே இருந்தது. அந்த நோயால் எவரும் இறக்கவில்லை. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டும் என்பதையும் இதனோடு வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாயின் கதை வேறு

இந்த இரண்டு நல்ல செய்திகளையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் என் வாயில் உள்ளதற்கும் பொறுத்துப் பார்க்கலாமே" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே அவரை நிறுத்த வேண்டும்.

மும்பாயின் டாட்டா நினைவு மருத்துவமனையில் 2004 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது. வாயில் ஆரம்ப நிலைப் புற்றுநோய், கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டி எதுவும் இல்லை, இப்படிப்பட்டவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். வாயிலுள்ள புற்றை எல்லோருக்கும் வெட்டி எடுத்தார்கள். கழுத்து நிணக்கணுக்களை என்ன செய்வது என்பதே கேள்வி. ஒரு பகுதியினருக்கு அவற்றையும் அப்போதே எடுத்தார்கள். மற்றவர்களுக்கு, கட்டி தோன்றினால் எடுப்போம் என்று ஒழுங்காகப் பரிசோதித்து வந்தார்கள். 2015இல் 500 பேரின் முடிவு வெளிவந்தது. மூன்று ஆண்டின் பின் உயிரோடிருந்தவர்கள், உடனே எடுத்தவர்களில் நூற்றுக்கு 80, காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 67.5. நூறு பேருக்குப் பன்னிரண்டு உயிர் வித்தியாசம். அனுபவம் மிக்க வைத்தியர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துவந்த இடத்திலேயே இப்படி. காத்திருப்பு என்ற ஒரே சொல் புரொஸ்டேட்டில் ஓர் அர்த்தமும் வாயில் வேறோர் அர்த்தமும் கொண்டிருக்கிறது. ஆகவே வாயில் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனை சொல்லிவிட்டால், அது சிறிதாக இருந்தாலும், குறைந்த தரம் என்று எழுதியிருந்தாலும், நாள் கடத்தக்கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சப்ரகமுவாவிலேயே இருக்கிறது. 2006 நவம்பரில் தொடங்கி ஓராண்டு காலம், இந்த மாகாணத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாயை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்றிடத்து மக்களும் அதில் இருந்தனர். நூற்றுக்கு 11.3 பேரின் வாயில், பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய திட்டுகளோ வாய் இறுக்கமோ இருப்பது தெரிந்தது. ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர். ஒரு லயத்தில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு விளங்கும். முக்கிய காரணம் வெற்றிலை போடுவதே என்றும், புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஆபத்து உண்டு என்றும் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். "நான் போயிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தீர்மானித்திருக்கிறது.

வெற்றிலைத் தட்டத்தின் மேல் நமக்கு வெறுப்பு இல்லை. பரிசம் போடுவதிலிருந்து விருந்தாளியை வரவேற்பதுவரை அது நம்மோடு வந்திருக்கிறது. பசியையும் குளிரையும் மறக்கச் செய்து, விடியற்காலைப் பால்வெட்டுக்கும் கொழுந்து மலைக்கும் துணை போயிருக்கிறது. ஆனால் எந்தக் கன்னத்தில் அதை மணிக்கணக்காக ஒதுக்கி வைக்கிறோமோ அந்தக் கன்னத்திலேயே திட்டு விழுகிறது.

அந்தத் திட்டை என்ன செய்வது?

இங்கேதான் உண்மையான தீர்மானம் வருகிறது. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு. சதைப் பரிசோதனையில், "இது புற்றுநோய் அல்ல, ஆனால் அணுக்கள் சிறிது மாறத் தொடங்கியிருக்கின்றன" என்று வந்திருக்கிறது. வெட்டி எடுப்பதா, பார்த்துக்கொண்டிருப்பதா?

பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 2009இல் வெளியான கணக்கின்படி, இவ்வாறு அணு மாற்றம் உள்ள திட்டுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 புற்றுநோயாயின. அதற்குச் சராசரியாக நான்கு ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் சென்றது. மாற்றம் கடுமையாக இருந்தவற்றில் நூற்றுக்கு 24, இலேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தவற்றில் நூற்றுக்கு 10. வெட்டி எடுத்தவர்களுள் நூற்றுக்கு 5 பேருக்கும், எடுக்காதவர்களுள் நூற்றுக்கு 15 பேருக்கும் புற்றுநோய் வந்தது. இதைப் பார்த்தால் வெட்டுவதே நல்லது என்று தோன்றும். எனினும், வெட்டியவர்களையும் வெட்டாதவர்களையும் சீட்டுப் போட்டதுபோல் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் இல்லை என்று 2016இல் இவ்விடயத்தை அலசியவர்கள் எடுத்துக்காட்டினார்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் திட்டு வரலாம், வெட்டாத மறுகன்னத்திலும் வரலாம். பல வருடம் வெற்றிலைச் சாறு ஊறியது வாய் முழுவதிலும் அல்லவா?

ஆகவே மாற்றம் கடுமையானது என்றால் வெட்டி எடுத்துவிடுவது என்பதில் அதிகம் தயங்க இடமில்லை. திட்டில் சிவப்புக் கலந்திருந்தாலும், நாக்கின் ஓரத்திலோ நாக்கின் அடியிலோ இருந்தாலும் வைத்தியர்கள் அந்தப் பக்கமே சாய்வார்கள். இலேசான மாற்றம் என்றால், வெற்றிலையை அறவே நிறுத்திவிட்டுக் கண்காணிப்பது நேர்மையான வழிதான். வெற்றிலையை நிறுத்தியபின் சில திட்டுகள் சுருங்குவதும் மறைவதும் உண்டு. நிறுத்தாமல் கண்காணிப்பது என்பது கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டு ஓட்டையைப் பெரிதாக்குவது போன்றது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் வெற்றிலையை விடுவதும், கிளினிக்குக்குத் திரும்பிப் போவதும் தப்பாது. "வெட்டியாயிற்று, இனிக் கவலையில்லை" என்று கொப்பியை மூடி வைப்பவர், காத்திருந்து ஒழுங்காகப் போகிறவரைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

திரும்பிப் போவது என்றோமே, அதுதான் நம் பக்கத்துப் பெரும் சங்கடம். இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியானது. சிறு பயிற்சி பெற்ற 34 சுகாதார ஊழியர்கள் ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேரிடம் சந்தேகமான திட்டுகளைக் கண்டு, வைத்தியரிடம் காட்டச் சொன்னார்கள். போய்க் காட்டியவர்கள் 660 பேர்! ஊழியர்களின் கண் பழுதில்லை. அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. கண்டுபிடித்த பின்னரே பாதிப் பேர் வழியில் நின்றுவிட்டார்கள்.

ஏன் நின்றார்கள் என்று தோட்டத்தில் வாழ்ந்தவர் எவரும் ஊகிக்கலாம். ஒரு நாள் போனால் அந்த நாளின் பேர் போயிற்று. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை என்றாலும் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் துணை வருபவரின் நாட்சம்பளத்துக்கும் யார் கொடுப்பது? மழைக் காலத்தில் பாதை சரிந்துவிடும். கிளினிக்கில் பேசுவது சிங்களம், கொப்பியில் எழுதுவது ஆங்கிலம். தமிழில் யாராவது எடுத்துச் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் தலையாட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

இவற்றை வைத்தியரிடம் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். கூச்சப்பட வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர முடியுமா முடியாதா என்பது, இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைப் போலவே சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஒரு விடயம். இரண்டு வழிக்கும் இடமுள்ள இலேசான திட்டு என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் மகன் இருந்து, தவறாமல் அழைத்துப் போகிறார் என்றால் காத்திருக்கலாம். தனித்திருக்கும் கைம்பெண், இருப்பதோ மலையுச்சி டிவிஷன், வெற்றிலையை விடவும் மனம் வரவில்லை என்றால், இருக்கும்போதே எடுத்துவிடச் சொல்வதுதான் புத்தி. ஒரே திட்டு, ஒரே சதைப் பரிசோதனை. இருவருக்கும் இரண்டு வெவ்வேறு சரியான விடைகள். இதை வைத்தியரால் தானாக அறிந்துகொள்ள முடியாது. நாம் வாய் திறந்து சொன்னால் மட்டுமே அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகள் பாசத்தினால், "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், மனமுடைந்து போவார்" என்று நோயின் பெயரை மறைத்துவிடுகிறார்கள். சத்திர சிகிச்சைக்காவது மறைத்துக்கொண்டு போய்விடலாம். கண்காணிப்புக்கு அது சற்றும் ஒத்துவராது. காவல் இருக்க வேண்டியவரிடமே எதற்குக் காவல் என்று சொல்லாமல் விட்டால் அவர் எப்படிக் காவல் இருப்பார்? மாதம் ஒருமுறை வாயைக் கொப்பளித்து, வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து, கன்னங்கள், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, அண்ணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவர் அவரே. திட்டு தடித்தால், சிவந்தால், இரத்தம் கசிந்தால், மூன்று வாரத்தில் ஆறாத புண் வந்தால், காரணமின்றிப் பல் ஆடினால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், முன்பு வாய்க்குள் போன மூன்று விரல் இப்போது போகாவிட்டால், குறித்த திகதிவரை பொறுக்காமல் உடனே போக வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்களும் நேர்த்தி நிறைவேறும்வரை கிளினிக்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டையும் ஒருங்கே செய்யலாம்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, சிங்களம் நன்கு பேசும் ஒருவரை, மருமகளையோ பேரனையோ, அழைத்துச் செல்லுங்கள். சதைப் பரிசோதனையில் என்ன தரம் என்று எழுதியிருக்கிறது? இப்போதே வெட்டினால் எதை இழப்பேன், பேச்சா, சுவையா, வாய் திறப்பா? பொறுத்தால் எத்தனை காலத்துக்கு ஒருமுறை வர வேண்டும்? எதைக் கண்டால் நீங்கள் பொறுப்பதை நிறுத்தி வெட்டுவீர்கள்? இவற்றைக் கேட்டு, விடைகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், உங்களுக்குச் சொல்லப்பட்டது எந்த வகைக் காத்திருப்பு என்று மறுபடியும் கேளுங்கள். பெரிய சத்திர சிகிச்சை என்றால் இன்னொரு வைத்தியரின் அபிப்பிராயத்தை நாடுவதும் குற்றமல்ல. அதற்காக மாதக்கணக்கில் அலைவதுதான் குற்றம்.

இதுவரை எதுவும் காட்டாதவர்கள் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் பல் வைத்தியரிடமோ வாயைத் திறந்து காட்டினாலே போதும், முதற்படி முடிந்தது. வாயைப் பார்க்க இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை, வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். கேரளத்தில் இப்படிச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் பார்த்ததனால், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் காட்டப்பட்டது. மகரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவர்கள் கோட்டைவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பலாங்கொடையிலிருந்தும் இரத்தினபுரியிலிருந்தும் அவிசாவளை வழியாகக் கொழும்பு நோக்கி வரும் ஹைலெவல் வீதியிலேயே மகரகமை இருக்கிறது. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்தார் அவிசாவளைக்கு இறங்கி அதே வீதியைப் பிடிக்கலாம். கிளினிக் நாள் எது என்பதை முதல் நாளே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைத்துவிட்டு, முதல் பஸ்ஸுக்கே புறப்படுங்கள். கொப்பியையும் பழைய பரிசோதனைக் கடதாசிகளையும் மழை நனைக்காதபடி ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.